ரிம் தேய்ந்தால்: வீட்டு வாசலா, பட்டறையா?

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். கடைவீதியில் செம்பனைக் குலை லாரி எதிரே வந்தால் ஓரம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் கறுப்பு வெள்ளை அடித்த ஓரக்கல் 'கர்ர்ர்' என்று ஸ்போர்ட் ரிம்மை, அதாவது டயர் மாட்டியிருக்கும் அலாய் சக்கரத்தை, வழித்துவிடும். என் மைவி காரின் இடப்பக்க ரிம் இரண்டும் அப்படிப் போனவைதான். முன்னதை நானே செய்தேன், பின்னதைப் பட்டறையில் கொடுத்தேன்.

சொந்த வேலைக்கு மணல்தாள், பட்டி, பிரைமர், வெள்ளி நிற ஸ்ப்ரே, மேல்பூச்சுக் கிளியர் எல்லாம் சேர்த்து ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. பாத்திரம் கழுவும் சோப்பால் பிரேக் தூசியைக் கழுவி, தின்னரால் துடைத்து, 240, 400, 800 எண் மணல்தாள்களால் சொரசொரப்பிலிருந்து மென்மைக்குப் படிப்படியாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தாள் அடைக்காது. டயரில் பெயிண்ட் படாமலிருக்க, பழைய சீட்டுக்கட்டை ரிம்முக்கும் டயருக்கும் நடுவே வரிசையாகச் செருகினேன். டேப்பைவிட இதுதான் கச்சிதம். கெட்டது எங்கே என்றால், மதியம் மூன்று மணிக்குக் கிளியர் அடித்ததில். மழைக்கு முந்தைய ஈரக்காற்று பூச்சில் இறங்கி, ஓரிடம் பால் ஊற்றினாற்போல் மங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே முடித்திருக்க வேண்டும்.

கிள்ளானில் ஒரு பட்டறையில் பின் ரிம்முக்கு 120 வெள்ளி, இரண்டு நாள். டயரைக் கழற்றி ரிம் முழுவதையும் அடித்ததால் நிறம் ஒட்டுப் போட்டதுபோல் தெரியவில்லை. என் வேலையோ நாலடி தள்ளி நின்றால் மட்டும் அழகு. ஆனால் டயரை மாட்டியவர்கள் சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கைச் செய்யவில்லை. திரும்பும் வழியில் தொண்ணூறைத் தொட்டதும் இருக்கை அதிர்ந்தது. முன் டயராக இருந்தால் ஸ்டீரிங் ஆடியிருக்கும். பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

சரி, எதற்கு எது? ஒரே நிறப் பெயிண்ட் ரிம்மில் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் என்றால் வீட்டிலேயே செய்யலாம். முகம் பளபளவென்று, இசைத்தட்டைப் போல மெல்லிய வட்டக் கோடுகளோடு இருக்கும் டைமண்ட் கட் ரிம்மில் மட்டும் மணல்தாளை வைத்துவிடாதீர்கள். என் மச்சான் வைத்தார். கோடு போனது, பளபளப்பும் போனது. அது கடைசல் இயந்திரத்தில்தான் திரும்ப வரும். அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகத்தைச் சீவுவதால் அடிக்கடி செய்ய முடியாது.

விளிம்பு வளைந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, காற்று மெல்ல இறங்கினாலோ பெயிண்ட் பேச்சே வேண்டாம்; நேராகப் பட்டறைதான்.

என் முன் ரிம்மின் பால் வெள்ளையைத் தீபாவளிக்குள் மறுபடி தேய்க்க வேண்டும். அதுவரை கோயிலுக்குப் போனால் இடப்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துகிறேன். அங்கேயும் ஓரக்கல் இருக்கிறது.