நிட்டினால் கம்பி: வெந்நீரில் போட்டால் நிமிர்கிறது, ஆனால் பாக்கெட்டில் ஒரு குறை

விரலில் சுற்றிக் கசக்கி, சிக்கு விழுந்த நூல் மாதிரி ஆக்கி வெந்நீரில் போட்டால் ஒரே துள்ளலில் நேராகிவிடுகிறது. இரண்டு முனையையும் பிடித்தபடி முக்கினால் கம்பி விரலைத் தள்ளுவது நன்றாகவே தெரிகிறது, காசு கொடுத்தது அதற்கே தகும்.

நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி அணுக்களாகச் சேர்ந்த உலோகம் இது. குளிர்ந்த நிலையில், அதாவது மார்ட்டென்சைட் என்ற அணு அமைப்பில் இருக்கும்போது, வளைத்தால் அணுக்கள் பக்கத்து அணுவை விட்டுப் பிரியாமல் அடுக்கடுக்காகச் சாய்ந்து கொடுக்கும். சூடேறியதும் ஆஸ்டெனைட் என்ற சூடான நிலை அமைப்புக்குத் திரும்ப வேண்டும், அங்கே ஒவ்வொன்றுக்கும் பழைய இடம்தான், அதனால் பழைய வடிவம். சுமார் 8 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் முழுசாகத் திரும்பாது, முரட்டுத்தனம் வேண்டாம்.

எந்த வெப்பத்தில் மாறும் என்று பாக்கெட்டில் போடவே இல்லை! இந்தக் கம்பிக்கு முக்கியமே அதுதானே. நிக்கல் அளவு துளி மாறினாலும் அந்த வெப்பநிலை எங்கேயோ போய்விடும். புது வடிவம் பழக்க 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுக்கிப் பிடித்துச் சூடாக்க வேண்டும், அந்தக் குறிப்பும் பாக்கெட்டில் இல்லை.

அப்புறம், இது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை. சுருக்கிக் குழாய்க்குள் அனுப்பினால் ரத்தநாளத்தில் தானே விரியும் ஸ்டென்ட், பல் கிளிப் கம்பி எல்லாம் இதே உலோகம்தான். எஃப்-14 போர் விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களை இணைக்க, திரவ நைட்ரஜனில் குளிர்வித்து விரித்த வளையங்களை மாட்டி, சூடேறும்போது தானே இறுகவிட்டார்கள்.

கம்பிக்கு நாலு நட்சத்திரம், பாக்கெட்டுக்கு ஒன்று.