மூன்று வருடத்தில் டப்பட் கவர் புதுசு போல, நட்டுகள் மட்டும் துரு

டொயோட்டா 110 கொரோலாவின் பொனட்டுக்குள் வீட்டிலேயே பெயின்ட் அடித்து, வயர் சுற்றி, நட்டுப் போல்ட் மாற்றி மூன்று வருடமாகிறது. மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கிற வாகனம். தன்னுடைய 110க்கும் இதைச் செய்யலாமா என்று கூட்டாளி ஒருவர் கேட்டிருக்கிறார். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழசைப் பேணுகிற ஆசை ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. அது நல்ல ஆசைதான்.

எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரில் அடித்த கறுப்பு ரிங்கிள் பெயின்ட் (சுருக்கம் விழுகிற வகை) இன்றுவரை ஓரிடத்திலும் உரியவில்லை, மங்கவும் இல்லை. இவ்வளவு உழைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. புகழில் பாதி அதற்கு முந்திய சுத்தத்துக்குச் சேரவேண்டும். பழைய அலுமினியத்தின் நுண்துளைகளுக்குள் இருபது வருட ஒயில் ஊறியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, சவர்க்காரத் தூள் கலந்த சுடுதண்ணீரில் கழுவி, 180 சேண்ட் பேப்பர் போட்டு, தின்னரால் துடைத்த பிறகும் கவரை ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்துப் பாருங்கள். திரும்பவும் ஒயில் வியர்க்கும். அதைத் துடைத்து மறுபடி வெயில். வியர்ப்பது நின்றால்தான் எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கிற அடிப்பூச்சு. சாதாரண பிரைமர் அலுமினியத்தில் பிடிக்காது, சில மாதத்தில் தோலாகக் கழன்றுவிடும்.

ரிங்கிள் பெயின்டை மெல்லிசாக அடித்தால் சுருக்கம் விழாது. மேல்தோல் முதலில் காய்ந்து, கீழே ஈரமாக இருக்கிற படையின் மேல் இழுபடுவதால்தான் அந்தச் சுருக்கமே வருகிறது. ஆகவே மூன்று தடித்த கோட்: முதலாவது குறுக்கே, ஐந்து நிமிடம் விட்டு நெடுக்கே, இன்னும் ஐந்து நிமிடம் விட்டு மூலைவாட்டில். விளிம்புகளில் பெயின்ட் குறைந்தால் அங்கே மட்டும் வழவழப்பாக நிற்கும். அடித்தவுடன் தகரத்தின் மேல் வைத்து வெயிலில் காயவிட வேண்டும், இல்லையென்றால் ஹீட் கன் (சுடுகாற்று ஊதுகிற கருவி). வாடை மழைக் காலத்தில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். காற்றின் ஈரம் பெயின்டில் வெள்ளைப் பூஞ்சணம் போலப் படியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்து வெயில் அருமை, ஆனால் காற்று எழும்பினால் மண்ணும் சேர்ந்து ஒட்டும். காலையில் வெயில் ஏறியதும், காற்று எழும்புமுன் அடித்து முடித்துவிட வேண்டும்.

கெஸ்கெட் (ஒயில் கசியாமல் தடுக்கிற ரப்பர்) இருக்கிற பள்ளத்தையும் பிளக் குழி விளிம்பையும் மாஸ்கிங் டேப்பால் முழுதாக மூடுங்கள். பள்ளத்துக்குள் பெயின்ட் போனால் கெஸ்கெட் சரியாக இருக்காது. ஒயில் கசிந்து எக்சோஸ்ட் மனிபோல்டில் சொட்டி, சிக்னலில் நிற்கும்போது புகை மணக்கும். கெஸ்கெட் புதுசாகவே போடுங்கள். கேம் தண்டின் முன் மூடி எஞ்சின் தலையோடு சேருகிற மூலைகளில் உளுந்தளவு சிலிக்கன் போதும். கவர் நட்டுகளுக்கு வேண்டியது ஏறத்தாழ 6 நியூட்டன் மீற்றர் இறுக்கம்தான். நீளக் கைப்பிடி போட்டு இறுக்கினால் ரப்பர் நசிந்து, கசிவு அங்கிருந்தே தொடங்கும்.

வயரைச் சுற்றத் துணி டேப் வாங்குங்கள். பிவிசி டேப்பின் பசை சூட்டில் உருகி, ஒரு வருடத்தில் கையெல்லாம் பிசுபிசுக்கும். பளபளப்புக்குப் பூசுகிற எண்ணெய்த் தன்மையான சிலிக்கன் திரவம் வேண்டவே வேண்டாம், தூசு முழுதையும் அழைத்து வைத்துக்கொள்ளும்.

இனி நட்டுப் போல்ட். கோபம் வருவது இங்கேதான்.

பழைய போல்ட்டுகளை வயர் பிரஷ் போட்டு மினுக்குவது பலர் செய்கிற முதல் பிழை. கொம்பனியிலிருந்து வந்த மஞ்சள் முலாம் அசிங்கமாகத் தெரியலாம், ஆனால் இரும்பைக் காப்பது அதுதான். அதைச் சுரண்டிவிட்டால் கல்லடிக் காற்றில் ஒரு கிழமைக்குள் செம்மை படரும். ஹார்ட்வெயார் கடையில் விற்கிற வெள்ளை முலாம் போல்ட்டும் ஒரு மாரிக்கு மேல் தாங்கவில்லை. முலாம் அவ்வளவு மெல்லிசு.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் அது 304 வகை. கடற்காற்றில் தேயிலைச் சாயம் போலக் கறை படியும். ஏ4 என்றிருந்தால் 316, அதில் மொலிப்டினம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். ஊர்க் கடைகளில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று சாதிக்கிறார்கள். ஒன்றல்ல! தலையைப் பார்த்து வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் எடுப்பிக்கலாம்.

ஏ4 போட்டாலும் தொல்லை முடியாது. அலுமினியப் புரிக்குள் ஸ்டெயின்லெஸ் போனால், உப்பு ஈரம் சேர்ந்ததும் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடி பூத்துப் போல்ட் இறுகிவிடும். புரியில் நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் (புரி இறுகாமல் தடுக்கிற பசை) பூசிவிட்டுத்தான் போடவேண்டும், செம்பு கலந்தது கூடாது. பூசினால் புரி வழுக்கும், ஆகவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள். 8 மில்லிமீற்றர் போல்ட்டில் இன்னொரு எரிச்சல்: வண்டியோடு வந்ததன் தலை 12, கடைப் போல்ட்டின் தலை 13. ஒடுங்கிய இடத்தில் சொக்கட் நுழையாது. எஞ்சின் மவுண்ட், ஓல்டனேட்டர் பிராக்கட், மனிபோல்ட் போன்ற பாரம் தாங்குகிற இடங்களில் ஸ்டெயின்லெஸ் போடவே கூடாது, வலு போதாது.

எல்லாம் முறையாகச் செய்த பிறகும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, போல்ட் தலைகளில் நிறமற்ற மெழுகு பூசவேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் விட்டால் கறுப்புக் கவரின் மேல் செம்புள்ளிகள் வரிசையாக நிற்கும். கவர் எவ்வளவு அழகோ அவ்வளவு கேவலமாக அவை தெரியும்.

ஆகவே கூட்டாளிக்குப் பதில்: இப்போதைக்குப் பெயின்ட் வாங்கவேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். அவர் இருப்பது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, அதுவும் கடல் பக்கம். முதலில் பொனட்டைத் திறந்து கண்ணுக்குத் தெரிகிற 6 மில்லிமீற்றர் போல்ட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதிக்கொண்டு, ஏ4இல் அத்தனையும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முழுதும் கைக்கு வந்து சேர்ந்த பிறகு கெஸ்கெட் வாங்கலாம்.