பாசி மாத்திரைக்கு 11,700 ரூபாய்: கோத்தகிரியிலிருந்து ஒரு எச்சரிக்கை

"உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று பாசி மாத்திரை விற்ற ஆன்லைன் தளத்திலிருந்து இன்று காலை மெசேஜ் வந்தது. யார் முடித்தது, எப்படி முடித்தது, ஒன்றும் இல்லை. 11,700 ரூபாய் போனது போனதுதான். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் குன்னூரில் ஸ்கேன் எடுத்ததில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு, நடுத்தர அளவான கிரேடு 2. ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் 96, இருக்க வேண்டியதைவிட அதிகம். குடிப்பழக்கம் கிடையாது, ஆனால் எடை 84 கிலோ, சர்க்கரையும் உண்டு. டாக்டர் சர்க்கரை மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு எடையைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான். கல்லீரலுக்கென்று தனியாக மருந்து தரவில்லையே என்று எனக்கு ஒரு மனக்குறை. அந்தக் குறையோடு ராத்திரி போனை நோண்டியதுதான் வினை. சுருள்பாசியும் (ஸ்பைருலினா) குளோரெல்லா என்ற பச்சைப் பாசியும் கலந்த மாத்திரை, கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமாம். ஆன்லைனில் உடல்நலப் பொருள் விற்கும் ஒரு தளம். என் நம்பரைப் போட்ட பத்தாவது நிமிடம் போன் அடித்தது.

"அண்ணா, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, எங்க டாக்டர் பார்க்கணும்" என்றது ஒரு பெண் குரல். அனுப்பினேன். அப்புறம் அந்தப் பெண் சொன்னதில்தான் கவிழ்ந்தேன்: "உங்க டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாதுண்ணா, இது அதோட கூடச் சேர்த்துக்கிறதுதான்." ஏமாற்றுகிறவன் இங்கிலீஷ் மருந்தை விடச் சொல்வான் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் விடாதே என்கிறார்களே, நேர்மையான ஆட்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாதம் 3,900, மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினால்தான் டாக்டர் தொடர்ந்து பார்ப்பாராம். கட்டினேன், 11,700. தேயிலை விற்கும் விலையில் அது எத்தனை மூட்டை இலை என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒன்பது நாள் கழித்து பார்சல் வந்தது. பாசிக்கு ஒரு வாடை உண்டு, அது தெரியும். இது பூசண நாற்றம். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காலாவதி தேதி மேல் ஒரு ஸ்டிக்கர், சுரண்டினால் அடியில் பழைய தேதி. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் காணவே இல்லை.

திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் நாள் "சீல் பிரித்துவிட்டீர்கள்". பிரிக்காமல் எப்படி மோந்து பார்ப்பது? அடுத்து "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம் சார்". அண்ணா சாராகிவிட்டேன், கவனியுங்கள். கடைசியாக "உங்க பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் கிடையாது". கொண்டுவந்து கொடுக்க மட்டும் மலை ஏறத் தெரிகிறது, எடுத்துப் போக ஏறத் தெரியாதாம்!

டப்பாவை டாக்டரிடமே கொண்டு போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், பொறுமையாகத்தான் சொன்னார். சுருள்பாசியை வைத்துச் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, சிலவற்றில் என்சைம் கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது, ஆனால் அதை நம்பி சிகிச்சை என்று சொல்லும் அளவுக்கு இல்லை, எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே குறையும் என்றார். எனக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ, செலவு இல்லாமல். வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகு வந்தது: சுத்தமில்லாத தண்ணீரில் எடுத்த பாசியில் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு கலந்திருக்கலாமாம், அது தாக்குவது கல்லீரலைத்தான். நல்ல வேளை, நான் இரண்டே மாத்திரைதான் முழுங்கியிருந்தேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. டப்பாவில் 14 இலக்க உரிம எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளோரெல்லா பக்கம் போகாதீர்கள், அதில் வைட்டமின் கே உண்டு. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நானும் இன்று கூப்பிட்டுப் பதிந்திருக்கிறேன், 11,700-க்கு ரசீது இருக்கிறது. இலை வண்டி வந்துவிட்டது, போகிறேன்.