தரை வீடா, சரிவு வீடா? பள்ளத்தாக்கு ஊரில் காற்றைப் பார்த்து இடம் பிடிப்பது

மலை சூழ்ந்த ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, வண்டி ஏறுமா, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். காற்றைப் பற்றிக் கேட்பவர் அரிது. மலை என்றாலே நல்ல காற்று என்ற நினைப்புதான் காரணம். ஆனால் ஊர் பள்ளத்தில் இருந்தால், வருடத்தில் சில வாரங்கள் பெருநகரமே தேவலை என்று தோன்றிவிடும். பள்ளத்தின் தரையில் குடியிருப்பதா, சரிவில் கொஞ்சம் மேலே ஏறுவதா? குளிர்காலத்தை வைத்தே இதை முடிவு செய்யலாம் என்பது என் கட்சி. காட்டுத்தீக் காலம் தவிர, மற்றப் பருவங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தெளிந்த, காற்றசைவு இல்லாத குளிர்கால இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, கீழே வழிந்து, பள்ளத்தில் தேங்கும். உயரே போகப்போகக் குளிர வேண்டிய காற்று, இங்கே உயரே போகப்போக வெதுவெதுப்பாக இருக்கும். பள்ளிப் பாடத்தில் வரும் வெப்பத் தலைகீழ் மாற்றம் இதுதான். அந்த வெதுவெதுப்பான அடுக்கு மூடியாகிவிட, வண்டிப் புகையும் விறகுப் புகையும் அடியிலேயே சேரும். தரையில் வெண்பனி படிந்திருந்தால் அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மூடி திறக்க நாள்கணக்கில் ஆகும். 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் 60 பேருக்கு மேலும், 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டோனோராவில் 20 பேரும் இறந்தது, ஆலைப் புகை இப்படிச் சிக்கிக்கொண்டதால்தான்.

இந்த ஆட்டத்தில் சரிவுக்கே வெற்றி, ஆனால் மூடிக்கு மேலே இருந்தால் மட்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி குளிர்காலப் புகைமூட்டத்தில் மூழ்கிக் கிடக்கும்போது, மலைமேல் உள்ள பார்க் சிட்டியில் பெரும்பாலும் வானம் நீலமாக இருக்கும். மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். விடியற்காலையில் ஒரு புகைபோக்கியைப் பாருங்கள். புகை நேராக ஏறும். ஓர் இடத்தில் திடீரென்று மேலே போக மறுத்து, பக்கவாட்டில் தட்டையாகப் படரும். பார்க்கிற வீடு அந்தக் கோட்டுக்குக் கீழே என்றால், சரிவில் இருந்தும் பெரிதாகப் பயனில்லை.

சரிவுக்கு வேறு இரண்டு சங்கடங்களும் உண்டு. வெயில் பட்டதும் சரிவுக் காற்று சூடாகி மேலே ஏறத் தொடங்கும். அது பள்ளத்தில் இரவெல்லாம் தேங்கியதையும் கூட்டிக்கொண்டு வரும். அதனால் தரையில் காலையும் இரவும் மோசம் என்றால், சரிவில் முற்பகலில் மோசமாவது உண்டு. வெயில் முதலில் படும் சரிவுக்கு இது முன்னதாகவே நடக்கும். இன்னொன்று, ஓடைப் பள்ளம். மேலே நாலு வீட்டில் விறகு எரிந்தால், இரவில் இறங்கும் குளிர்காற்று அந்தப் புகையை ஓடை வழியாகவே கொண்டுவரும். ஓடையோரச் சரிவு வீட்டைவிடத் தரை வீடே மேல் என்பேன்.

தரை வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஆறுதல்: இந்தப் புகையில் பெரும் பங்கு ஊராரே போடுவது, ஊராரே குறைக்கவும் முடியும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற சிற்றூரில் 2005 முதல் பழைய விறகடுப்புகள் ஆயிரத்துக்கும் மேல் மாற்றப்பட்டன. குளிர்கால நுண்துகள் அளவு கால் பங்குக்கு மேல் இறங்கியது.

காட்டுத்தீக் காலத்தில் கணக்கே வேறு. தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடப்பதுபோல வட்டாரம் முழுக்கப் புகை நிறைந்துவிட்டால், நூறு மீட்டர் ஏறியதால் ஒன்றும் ஆகாது. இரவில் புகை இறங்கித் தரை வீட்டை மூடும். பகலில் மேலே மிதக்கும் புகை நேராகச் சரிவில் வந்து மோதும். அப்புறம் தீயே ஏறி வரும் ஆபத்து இருக்கிறதே! சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. இந்தப் பருவத்தில் நான் தரையையே தேர்ந்தெடுப்பேன். எங்கே இருந்தாலும், ஓர் அறையையாவது இறுக மூடி நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஓட்டத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டும் சமம். மழை கழுவிவிடும்.

முடிவெடுக்கும் முன் எண்களையும் பார்ப்பீர்கள்தானே? உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன உச்ச அளவு, பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். ஊரின் அளவீட்டு நிலையம் தரையில் இருந்தால் அதன் எண் சரிவு வீட்டுக்குப் பொருந்தாது. மலிவு சென்சாரோ ஈரமான மூடுபனியில் கூட்டிக் காட்டும்.

ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள முதியவர் வீட்டில் இருந்தால், பெரும்பாலான நேரம் வீட்டிலேயே இருப்பார் என்பதால், மூடிக்கு மேலே இருக்கும் சரிவு வீட்டுக்கு என் ஓட்டு. பிள்ளைகளின் பள்ளியும் உங்கள் வேலையும் தரையில் என்றால், பகல் முழுக்கக் கீழ்க்காற்றைத்தான் சுவாசிக்கப் போகிறீர்கள். அதற்காக மேலே ஏறி, தினமும் இரண்டு வேளை வண்டி ஓட்டி அதே புகையைக் கூட்ட வேண்டியதில்லை.