ஏற்றமா, இறக்கமா? காம்ரேட்ஸ் ஓட்டமும் ஓடி முடித்தபின் ஒரு பீரும்

இனி ஏற்றம் வரும் ஆண்டுகளில் மட்டும்தான் காம்ரேட்ஸுக்குப் பெயர் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இதைச் சொன்னதும் எங்கள் ஓட்டக் குழுவில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மலையிலிருந்து கடலுக்குச் சுகமாக இறங்கி வருவதை விட்டுவிட்டு, கடலிலிருந்து மலைக்கு மூச்சு வாங்க ஏறுவேன் என்று யாராவது அடம்பிடிப்பார்களா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதில் பீருக்கும் பங்கு உண்டு.

வெளியூர்க்காரர்களுக்காக முன்கதை. காம்ரேட்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூர ஓட்டம். கடலோர டர்பனுக்கும் மேட்டிலிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 90 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, விக் கிளாபம் என்ற முன்னாள் படைவீரர் 1921 மே 24 அன்று இந்த ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்று புறப்பட்டவர்கள் 34 பேர். அந்த முதல் ஓட்டம் இறக்கம், 1922இல் ஏற்றம். அதன்பின் பெரும்பாலும் மாற்றி மாற்றித்தான். வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் கதவு முறைப்படி திறந்தது 1975இல். டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தின் தமிழச்சியான எனக்கு இரண்டு தாழ்ப்பாளும் ஒரே ஆண்டில் நீக்கப்பட்டன என்று வைத்துக்கொள்ளலாம். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம் தருவார்கள். உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியாத அளவு. என் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் காவடி எடுத்திருந்தால் முருகனாவது ஏதாவது கொடுத்திருப்பார்" என்றார்.

முதலில் சில்லறைக் கணக்குகளை முடித்துவிடுகிறேன். நீளத்தில் இறக்கம் சற்றே கூடுதல்: 2024 ஏற்றம் 86 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 2025 இறக்கம் 90ஐத் தொட்டது. வேகக்காரர்களுக்கு இரண்டும் அவ்வளவு வேறல்ல. பெண்களில் முதலாவதாக வந்த ஹெர்டா ஸ்டெய்ன் 2023 இறக்கத்தை 5 மணி 44 நிமிடத்திலும் 2024 ஏற்றத்தை 5 மணி 49 நிமிடத்திலும் முடித்தார். அந்த நேரத்தில் நாங்கள் பாதி வழியான டிரம்மண்டில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கைத் தேடிக்கொண்டிருப்போம். ஜூன் மாத விடியலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பற்களைத் தட்டவைக்கும். டர்பனில் புறப்பட்டால் அந்தத் தொல்லை இல்லை. போத்தாஸ் ஹில் பக்கம் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு இரு திசையிலும் ஒரே அழகு. புறப்படும் இடத்தில் ஒலிக்கும் ஷோஷோலோஸா பாட்டும் ஒலிபெருக்கிச் சேவல் கூவலும் இரண்டுக்கும் பொது.

இனி, என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்த்த விஷயம்: தொடை.

மேடு ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கிச் சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் ஒரு பிரேக். நீண்டபடி பாரம் தாங்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழும். மூச்சு வாங்காது, இதயம் படபடக்காது, எல்லாம் சௌகரியமாகப் போவதுபோலவே இருக்கும். கடன் அட்டையில் செலவு செய்வதுபோலத்தான். கணக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வீடு தேடி வரும்.

இறக்கப் பாதையின் குறும்பு என்னவென்றால், பெரிய சரிவெல்லாம் கடைசியில் காத்திருக்கிறது. புறப்பட்டவுடன் பாலி ஷார்ட்ஸ் என்ற மேட்டில் இறங்கி, இந்த வழியின் உச்சியான உம்லாஸ் ரோடு வரை ஏறி, இன்சாங்காவையும் போத்தாஸ் ஹில்லையும் தாண்டிய பிறகுதான் ஃபீல்ட்ஸ் ஹில் வரும். மூன்று கிலோமீட்டருக்குள் 200 மீட்டருக்கு மேல் சரிவு, அதுவும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த காலுக்கு. 2013இல் அங்கே நடந்த கொடிய விபத்துக்குப் பின் கனரக லாரிகளை அந்தச் சரிவில் விடுவதில்லை. எங்கள் தொடைகளுக்கு அப்படி ஒரு தடை போட யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சரிவில் முன்னால் போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்: பக்கவாட்டில் நண்டு நடை நடப்பவர்கள், பின்னோக்கி நாலு அடி வைத்துப் பார்ப்பவர்கள், சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டுபவர்கள். ஷூவுக்குள் பெருவிரல் நகம் முன்னால் போய் இடித்துக்கொண்டே இருக்கும். அதைத் தாண்டினால் கோவிஸ் ஹில், பிறகும் கடல்வரை இறக்கம்தான்.

மறுநாள் கதை இதைவிட மோசம். நான் மருந்துக் கடையில் நின்றபடி வேலை பார்ப்பவள். மேல் அடுக்கில் இருக்கும் மருந்தை எடுக்க ஒரு சின்ன முக்காலி உண்டு. இறக்க ஓட்டம் முடிந்த திங்கட்கிழமை அதில் ஏறிவிட்டேன். ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. இறங்கத்தான் முடியவில்லை. கையில் இருமல் மருந்துப் புட்டியோடு அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். வாடிக்கையாளர் ஒருவர் கை கொடுத்து இறக்கிவிட்டு, "நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா" என்று தன் தைலத்தைக் காட்டினார். வீட்டில் மாடிப்படியை வியாழக்கிழமை வரை பின்பக்கமாகவே இறங்கினேன். ஏற்றம் ஓடிய வாரங்களில் கெண்டைக்காலும் இடுப்பும் முறையிட்டது உண்டு. ஆனால் புதன்கிழமைக்குள் மனிதர்போல நடக்க ஆரம்பித்துவிடுவேன். அதற்கடுத்த வாரம் கடற்கரை நடைபாதையில் மெதுவாக ஓடக்கூட முடிந்திருக்கிறது. விடுப்பு நாட்களையும் பராமரிப்புச் செலவையும் கூட்டிக் கழித்தால் ஏற்றம்தான் மலிவு.

இதற்கு மருந்து இறக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சரிவில் ஓடிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவாகப் புண்படாது. இது ஆய்வாளர்கள் பலமுறை கண்டது. ஆனால் அந்தப் பழக்கமே தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துத்தான் வரவேண்டும். நாள் முழுக்க நிற்கும் வேலையில் இருப்பவருக்கு அது ஒவ்வொரு வாரமும் ஒரு குட்டி காம்ரேட்ஸ். ஏற்றத்துக்குப் பயிற்சி எங்கள் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் மேடில்லாத தெரு எங்கே? மேலே ஓடு, கீழே நடந்து வா, அவ்வளவுதான்.

கடையின் இந்தப் பக்கம் நிற்பதால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. ஓட்டத்துக்கு முந்தைய வாரம் வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை கேட்டு வருபவர்கள். கையிருப்பாகக் கொண்டுபோய் வழியில் போட்டுக்கொள்ளும் எண்ணம். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஏற்றத்தில் அந்தச் சபலம் எனக்கு வந்ததில்லை.

மெதுவாக ஓடுபவர்களுக்கு ஏற்றம் செய்யும் இன்னோர் உபகாரம்: எங்கே நடப்பது என்பதை மேடே தீர்மானித்துவிடும். கோவிஸ் ஹில்லில் நட, ஃபீல்ட்ஸ் ஹில்லில் நட, இன்சாங்காவில் நட; இடையில் ஓடு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடிவுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது பாலி ஷார்ட்ஸ் வரும். நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, ஏற்றம் 100 மீட்டர்தான். அந்த நேரத்தில் அங்கே ஓடுபவர் எவரையும் எங்கள் கூட்டத்தில் நான் பார்த்ததில்லை. எல்லோரும் இடுப்பில் கை வைத்து வரிசையாக நடக்கிறோம். தண்ணீர்ப் பொட்டலத்தின் மூலையைக் கடித்து, பாதியைக் குடித்து, மீதியைப் பிடரியில் பீய்ச்சிக்கொள்கிறோம். சாலையோரத்தில் பிராய் எனும் இறைச்சி சுடும் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் குடும்பம் ஒன்று பீர் கேனை நீட்டும். இறைச்சி வாசனையும் குளிர்ந்த கேனும் சேர்ந்து வரும்போது மறுப்பதுதான் அந்த நாளின் உண்மையான ஏற்றம். மறுத்துவிடுங்கள். உச்சி தாண்டியதும் ஊர் தெரியும்.

இப்போது பீர். இங்கே இறக்கம்தான் வெல்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இறக்கத்தில் ஓட்டம் முடிவது டர்பனில். வீடு பக்கம், கடல் பக்கம், உறவும் நட்பும் குழுவின் கூடாரத்தில். ஏற்றத்தில் முடிவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். பதக்கத்தை மாட்டிக்கொண்டபின் என்3 நெடுஞ்சாலையில் மேரியன்ஹில் சுங்கச்சாவடி வழியாக 80 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். இங்கே ஓட்டுநருக்குச் சட்டம் விடுவது 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராமுக்குக் குறைவான ஆல்கஹால். இந்த ஊர் பீரான 5 சதவீத காசில் லாகரில், குவார்ட் எனப்படும் 750 மில்லி பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரைச் சட்டத்தின் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த அந்த ஒரு பாட்டிலே போதும். என்னைப் போன்ற சின்ன உடம்புக்குக் கேட்கவே வேண்டாம். அதோடு அன்றைக்கு வயிறும் காலி. பீரே குடிக்காவிட்டாலும், பதினோரு மணி நேரம் ஓடிவிட்டு ஸ்டீயரிங் பிடிப்பது நல்ல யோசனையல்ல. எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்: கணவரும் ஓடுகிறார், ஆகவே வண்டி ஓட்டுவது குடிக்காத கொழுந்தனார். கூலி, திரும்பி வந்ததும் ஒரு மட்டன் பன்னி சௌ, அதாவது கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு நிரப்பியது. அப்படி ஒரு கொழுந்தனார் இல்லாதவர்கள் குழுவின் பஸ்ஸில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இறக்கத்தின் பீரை நிம்மதியாக அனுபவிக்க முடிந்ததா? குடிப்பதற்கு முதலில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். என் கேன் கையிலேயே சூடாகியது. ஏற்றம் முடித்த மாலையில் அதே பீர் தொண்டையில் இறங்கிய சுகமே வேறு.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. முதலில் தண்ணீர், உப்புள்ள ஏதாவது சாப்பாடு, பிறகுதான் பீர். வியர்த்து நீர் இழந்தவர்களுக்கு வெவ்வேறு அளவு ஆல்கஹால் கலந்த பானங்களைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. 2 சதவீதம் வரை பெரிய வேறுபாடு இல்லை. 4 சதவீதத்தில் உடம்பு இழந்த நீரை மீட்பது தாமதமாகும் போக்குத் தெரிந்தது. நம் ஊரில் லேசானது என்று பெயரெடுத்த காசில் லைட்டே 4 சதவீதம். அதனால் ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு எனக்கு ஆல்கஹால் இல்லாத காசில் ஃப்ரீ முதலில், உண்மையான பீர் மாலையில். முதலாவதில் கொஞ்சம் வேகவைத்த தானிய வாடை அடிக்கும். நன்றாகக் குளிர்ந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டீர்கள்.

தைப்பூசக் காவடிக்கு முன்னால் பத்து நாள் விரதம். காம்ரேட்ஸ் பயிற்சி சூடு பிடிப்பதும் அதே பருவத்தில்தான், ஆகவே இறைச்சியும் பீரும் சேர்ந்தே நின்றுவிடும். ஒரு விரதத்தில் அம்மாவிடம் காசில் ஃப்ரீயைக் காட்டி, இதில் ஆல்கஹால் கிடையாதே, குடிக்கலாமா என்று கேட்டேன். "முருகன் சீட்டைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். பாட்டிலைத்தான் பார்ப்பார்" என்றார். மேல்முறையீடு கிடையாது. அந்தப் பத்து நாளும் மோர்.

என் தீர்ப்பில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஏற்றத்தில் எனக்குக் கிடைத்த அளவு அனுபவம் இறக்கத்தில் கிடையாது. 9 மணி நேரத்துக்குள் முடித்து பில் ரோவன் பதக்கம் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கக்கூடும். எடை குறைந்தவர்கள், வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள், சரிவில் பழகப் பொறுமை உள்ளவர்கள் இறக்கத்தையே கொண்டாடுகிறார்கள். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் சிரித்துக்கொண்டே இறங்குவார். எப்படி என்று கேட்டால், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அடியைச் சின்னதாக வைத்து, சரிவோடு போ, தடுக்காதே என்கிறார். சொல்லத் தெரிகிறது, என் தொடைக்குக் கேட்கவில்லை.

முதல் முறை ஓடப்போகிறவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு ஓட்டங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் முடித்தால் தனியாக ஒரு பதக்கம் உண்டு; வழக்கமாக அது ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் என்று அமையும். அந்த வாய்ப்பு வாழ்க்கையில் ஒரு முறைதான், விட்டுவிடாதீர்கள். ஏற்ற ஆண்டென்றால் திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்புப் போதும். இறக்க ஆண்டென்றால் விண்ணப்பத்தில் வியாழக்கிழமை வரை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேல் அடுக்கில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால், சனிக்கிழமையே கீழே இறக்கி வைத்துவிடுங்கள்.