ஐபெர்ஃப்3: குற்றவாளியைச் சரியாகக் காட்டும் கருவி

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் இசட்/விஎம்மில் ஓடும் இரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கிடையே கோப்பு ஆமை வேகத்தில் நகர்கிறதா? முதலில் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஓட்டிப் பாருங்கள். வட்டைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே அனுப்புவதால், பழி நெட்வொர்க்கின் மீதா வட்டின் மீதா என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

எங்களிடம் ஒரு திசையில் வேகம் அருமை. கட்டளையில் ‘-R’ கொடுத்துத் திசையைத் திருப்பியதும் இறுதி வரியில் மறுஅனுப்பல் (தொலைந்த தரவை மீண்டும் அனுப்புவது) எண்ணிக்கை எகிறியது. பெறும் பக்கம் மெயின்ஃபிரேம் நெட்வொர்க் அட்டையை இயக்கும் கியூஈத் (qeth) இயக்கியில், வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர்களின் எண்ணிக்கை 16 மட்டுமே. 128 ஆக்கியதும் அடங்கியது. (மாற்றுவதற்கு நெட்வொர்க் சாதனத்தை ஆஃப்லைனாக்க வேண்டும், பராமரிப்பு நேரம் கேட்டு வாங்குங்கள்.)

குறை ஒன்று: 3.16-க்கு முந்தைய பதிப்புகளில் இணை ஓடைகள் (ஒரே நேரத்தில் திறக்கும் பல இணைப்புகள்) அனைத்தும் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே செயல் இழையில்தான் ஓடும். ஒற்றைச் செயலியே உச்சவரம்பாகிவிடும். புதிய பதிப்பையே நிறுவுங்கள்.