உயிர்வேலிச் செடிகள்: ஐந்தாறு வருடம் கழித்து எது நிற்கிறது?

நர்சரியில் எல்லா வேலிச் செடியும் அழகாகத்தான் இருக்கும். ஒரு அடி உயரம், கறுப்புப் பை, நுனியிலிருந்து அடிவரை இலை. வேலியின் லட்சணம் தெரிவது ஐந்தாம் வருடத்தில், அதுவும் முழங்காலுக்குக் கீழே. மேலே குடை விரித்து, கீழே வெறும் குச்சியாகி, கோழி தாராளமாக நுழைந்து போகும் வேலிகள் தெருவுக்குத் தெரு உண்டு. பழி செடிமேல் விழும். குற்றம் பெரும்பாலும் முதல் வருடக் கவாத்தில், அதாவது கிளை வெட்டும் முறையில் இருக்கும். ஆகவே எந்தச் செடி என்று கேட்கும் முன், மாதத்தில் எத்தனை தடவை கத்தரி பிடிக்க முடியும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் கடற்கரை ஊர்களுக்கும்தான். ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு.

சங்கங்குப்பிதான் முதலிடம். பழைய செடி, காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பென்சில் பருமனில் 20 முதல் 25 சென்டிமீட்டர் போத்துகளை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். உவர் நிலத்தில் இயல்பாக வளர்வது என்பதால் உப்புக் காற்றும் சவர் தண்ணீரும் இதை ஒன்றும் செய்வதில்லை. இலை கசப்பு, ஆடு கடிக்காது. வெறும் கட்டை வரை வெட்டினாலும் துளிர்த்துவிடும். குறை ஒன்று உண்டு. மண்ணைத் தொட்ட கிளை அங்கேயே வேர்விடும். இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் நடைபாதை பாதியாகிவிடும்.

எல்லோரும் கேட்டு வாங்குவது கோல்டன் டுரான்டா. நல்ல செடிதான், ஆனால் இரண்டு, மூன்றடி உயரத்துக்குள் வைத்திருக்கும்வரை. ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இலையின் மஞ்சள் மங்கிச் சாதாரணப் பச்சையாகிவிடும்; உரம் போட்டு அதைத் திருப்ப முடியாது. மழைக்காலத்தில் 20 நாளுக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். நாலைந்தடி வளரவிட்டால் அடி சீக்கிரமே இலையில்லாத கட்டையாகிவிடுகிறது. வெட்டாமல் விட்ட கிளைகளில் ஆரஞ்சு நிறக் காய் பிடிக்கும், அது விஷம். சின்னக் குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் இருக்கும் வீட்டில் காய் பிடிக்கும் முன் வெட்டிவிடுங்கள்.

கத்தரி பிடிக்க நேரமில்லாதவர்களுக்கு முரயா. கறிவேப்பிலையின் பங்காளி, கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, மணம். மெதுவாக வளரும். நாலடி வர மூன்று வருடமாவது பிடிக்கும். வந்தபின் வருடத்துக்கு மூன்று வெட்டு போதும். ஆனால் தோட்டத்தில் எலுமிச்சையோ சாத்துக்குடியோ இருந்தால் இதை வைக்காதீர்கள். எலுமிச்சைக் குடும்பத்தில் பசுமை நோயைப் பரப்பும் சாறுண்ணிப் பூச்சிக்கு முரயாவின் இளந்துளிர் மிகப் பிடித்தமான உணவு.

ஆடாதொடையும் மருதாணியும் கொல்லைப்புறத்துக்குச் சரி. ஆடாதொடை அரைநிழலிலும் அடர்த்தியாக நிற்கும். மருதாணிக்கு வெயில் வேண்டும், கடும் வறட்சியில் இலை குறையும்.

சவுக்கையும், துஜா என்றும் சொல்லப்படும் மோர்பங்கியையும் வேலிக்கு யோசித்துத்தான் வைக்க வேண்டும். பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டிவிட்டால் மோர்பங்கி அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது, சவுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு தவறான வெட்டு, நிரந்தர ஓட்டை. ஆல், அரசின் இனமான ஃபைகஸ் வகைகள் வேலியாக அழகாக அமையும், ஆனால் வேர் செப்டிக் டேங்கைத் தேடிப் போகும். ‘ஆறு மாதத்தில் ஆளுயரம்’ என்று விற்கும் கோனோகார்ப்பஸ் பக்கமே போக வேண்டாம். குழாயையும் சாக்கடையையும் வேர் பிளக்கிறது என்ற புகார்களுக்குப் பின் குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் அதை நடத் தடை விதித்தன.

நடவுக்குத் தனித்தனிக் குழியைவிட நீளவாக்கில் வாய்க்கால் வெட்டுவது மேல். ஒன்றரை அடி அகலம், அதே ஆழம். மதிலிலிருந்து இரண்டடி தள்ளி வெட்டுங்கள். பின்பக்கம் கத்தரியோடு ஆள் நுழைய இடம் வேண்டாமா? ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம், 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடுங்கள். டுரான்டாவும் சங்கங்குப்பியும் ஓரடி இடைவெளி, முரயா ஒன்றரை அடி. சீக்கிரம் அடைய வேண்டும் என்று அரையடிக்கு ஒன்று நெருக்கினால் மூன்றாம் வருடம் உள்ளுக்குள் காய்ந்த குச்சிதான் மிஞ்சும். பைச்செடியில் அடிவேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பும் ஊர்களில் செப்டம்பர் கடைசி நல்ல நேரம்.

இனி மனசு வராத வேலை. நட்டு மூன்று வாரத்தில் புதுத் துளிர் கண்டதும், செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுங்கள். நுனி இருக்கும்வரை பக்கமொட்டுகள் தூங்கும். நுனி போனால்தான் அடியிலிருந்து நாலைந்து கிளை வெடிக்கும். அதன்பின் ஒவ்வொரு முறை ஒரு சாண் வளர்ந்ததும் அரைச்சாண் குறைப்பு. முரயா தவிர மற்றவற்றுக்கு இது மெதுவாகப் போவதுபோல் தெரியும். போகட்டும். நேராக நாலடிக்கு விட்டுவிட்டு அப்புறம் அடியை அடைப்பது பெரும்பாடு.

வடிவம் அடியில் அகலம், மேலே ஒடுக்கம்: கீழே இரண்டடி என்றால் உச்சியில் ஒன்றரை. கூலிக்கு வெட்டுபவர்கள் பழக்கத்தில் தலைகீழாகச் செய்துவிடுவார்கள், ஏனென்றால் மேல்பக்கம் கை எட்டும், கீழ்ப்பக்கம் குனிய வேண்டும். மேல்பாகம் அகன்றால் அடி இலைக்கு வெயில் கிடையாது, இலை உதிரும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் பிடித்து, பக்கங்களைக் கீழிருந்து மேலாக வெட்டச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தரி இலையைக் கிழிக்கும். இரண்டே நாளில் வேலி முழுக்கப் பழுப்பு விளிம்பு. கத்திரி வெயிலில் ஆழமாக வெட்டினால் நிழலில் இருந்த உள்கிளைப் பட்டை வெந்துபோகும்.

போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து செடிக்கு எட்டவில்லை என்று அர்த்தம். யூரியா போட்டால் தீராது. லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்ஃபேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். சுவரில் பட்டால் துருக்கறை போகாது. மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்புச் சாரையைப் பாருங்கள்; எறும்பை நிறுத்தாமல் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் எத்தனை தடவை அடித்தாலும் திரும்ப வரும்.

அடி வெறுமையான பழைய வேலியைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம். சங்கங்குப்பி, டுரான்டா, முரயா மூன்றும் மீளும். ஜூன், ஜூலையில் முதல் மழைக்குப் பின் ஒரு பக்கத்தை மட்டும் நடுத்தண்டு வரை ஒட்ட வெட்டித் தொழுவுரம் போடுங்கள். மறுபக்கத்தை அடுத்த வருடம். இரண்டையும் சேர்த்து வெட்டினால் இலையே இல்லாமல் சில செடிகள் செத்துப்போகும்.

அப்படிச் செத்த இடத்தில் புதுக் கன்று வைத்தால் பக்கத்துச் செடிகளின் வேர் அதை வளரவிடாது. இரண்டடி ஆழம் தோண்டி, இருபுறமும் பழைய வேரை அறுத்து, புது மண் நிரப்பி நட்டால்தான் பிழைக்கும். சங்கங்குப்பியில் இந்தப் பாடே இல்லை. பக்கத்துச் செடியின் கிளையொன்றை வளைத்து, நடுவில் லேசாகக் கீறி, மண்ணில் பதித்து ஒரு செங்கல்லை வைத்துவிடுங்கள். தாய்ச்செடியோடு சேர்ந்தே இருப்பதால் பதியன் வாடாது. நன்றாக வேர் பிடித்த பிறகு அறுத்துவிட்டால் சரி.